ஞாயிறு மறையுமுன்: குழந்தைகளுடன் தலயாத்திரைக்கு ஆயத்தமாதல்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மகாவீரர் பிறந்தநாள் விழாவை ஒட்டியே பள்ளிகளில் ஆண்டுத் தேர்வுகளும் நிறைவுறுகின்றன. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களின் சிற்றூர்களிலிருந்து தொழிலை நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அவற்றிற்கு அப்பாலும் சென்றுவிட்ட குடும்பங்கள் ஒன்றுகூடுவது கோடை விடுமுறையில்தான். அப்போது பல வீடுகளில் எழும் பேச்சு, பிள்ளைகளை ஒருமுறை சிரவணபெளகொளாவுக்கு அழைத்துச் சென்று வரவேண்டும் என்பது. மறுவாரமே வேன் பேசி முடிக்கப்படுகிறது. எந்த நாள், எத்தனை பேர் என்பவை முடிவாகின்றன. எங்கே உண்பது, எப்போது வண்டியை நிறுத்துவது, பிள்ளைகளுக்கு எதைச் சொல்லி அழைத்துச் செல்வது என்பவை மட்டும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படுகின்றன. அவ்வாறு விடப்படும் பகுதியைப் பற்றியதே இவ்வுரை.

இல்லறத்தார்க்குரிய நோன்புகளை எடுத்துரைக்கும் அருங்கலச்செப்பு முதலிய நூல்கள், பயணத்தைப் பற்றியும் பேசுகின்றன. இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் செல்வதில்லை என்று வரையறுப்பது திசைவிரதம். அவ்வெல்லையையும் நாள்தோறும் சுருக்கிக்கொள்வது தேசாவகாசிகம். பயனின்றித் திரிவதை அநர்த்த தண்டத்தின்பாற்படுத்தி விலக்கினர் நம் ஆசிரியர்கள். ஒருவன் செல்லும் வழியெல்லாம் பிற உயிர்கள் வாழ்கின்றன. அவன் நடையால் அவற்றுக்கு ஊறு நேர்கிறது. ஆகவே நடைக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதே இவ்விரதங்களின் கருத்து. யாத்திரைக்கான முதல் ஆயத்தமும் இதுவே. எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்று கணக்கிடுவதற்கு முன், எவற்றை இம்முறை விட்டுவிடுவது என்று முடிவு செய்தல் வேண்டும்.

புறப்படுமுன் வழியை ஆராய்தல் தமிழ்ச் சமணர்க்குப் புதியதன்று. புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகள் வழி கூறும் பகுதி சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் உள்ளது. சோலை வழியே செல்லின் இன்ன இடர், வயல் வழியே செல்லின் இன்ன இடர் என்று அடிகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். நீர்க்கரையில் நடக்கையில் நண்டையும் நத்தையையும் அறியாது மிதித்துவிட்டால் அத்துன்பம் பொறுக்கலாகாது என்பதும் அவ்வறிவுரையில் அடங்கும். நடப்பவர்க்கு வரும் இடரையும் நடப்பவரால் பிற உயிர்க்கு வரும் இடரையும் ஒரே பேச்சில் வைத்து எண்ணியவர் அவர். குழந்தைகளுடன் நெடுவழி செல்லும் இக்காலக் குடும்பமும் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

அவ்வாறு எண்ணுவார்க்குத் துணையாக நம்மிடம் ஒரு நோன்பு உள்ளது. அதுவே இரவுண்ணாமை. ஞாயிறு மறைய இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் இருக்கும்போதே உணவை முடித்துக்கொள்ளுதல் நன்று என்பது மரபு. ஏப்ரல், மே மாதங்களில் நம் பகுதியிலும் கருநாடகத்திலும் ஏறத்தாழ ஆறரை மணிக்கு ஞாயிறு மறைகிறது. ஆகவே ஐந்தரை மணிக்கெல்லாம் குடும்பம் உணவுக்கு அமர்ந்திருக்க வேண்டும். அதற்கு ஐந்து மணிக்கே வண்டி தங்குமிடத்தை அடைந்திருக்க வேண்டும். காலை உணவும் ஞாயிறு எழுந்த பின்னரே. இவ்விரு எல்லைகளையும் முதலில் தாளில் எழுதிவிட்டு, இடையிலுள்ள பகற்பொழுதில் எவ்வளவு தொலைவு செல்ல இயலும் என்று கணக்கிடுவதே முறை. தொலைவை முதலில் வகுத்துக்கொண்டு நோன்பை அதற்குள் திணிக்க முயல்வோர் வழியில் இரண்டையும் இழக்கின்றனர்.

வந்தவாசியிலிருந்து ஆரணி, வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, நெலமங்கலா, குணிகல் வழியாகச் சிரவணபெளகொளா நானூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. கைப்பேசி வரைபடம் எட்டு மணி நேரம் என்று காட்டினால், சிறு குழந்தைகளும் முதியோரும் உள்ள வண்டிக்கு அது பத்து அல்லது பதினொரு மணி நேரமாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் கால்களை நீட்டாமல் ஐந்து வயதுக் குழந்தை அமர்ந்திராது. பெங்களூரு நகரைக் கடப்பதற்கு ஆகும் நேரத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே முதல் நாள் பெங்களூரிலோ அதற்கு முன்னரோ தங்கிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் நகரைக் கடந்து, நண்பகலுக்குள் பெளகொளாவை அடைதல் சாலச் சிறந்தது. ஒருநாள் கூடுதலாகிறதே என்பர் சிலர். அந்த ஒரு நாள் மூன்று தலைமுறையும் ஒரே இடத்தில் அமர்ந்து உண்ணும் நாள். அதை இழப்பாகக் கருதுதல் தகாது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டியுள்ளது. எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் நெடுஞ்சாலையில் நெரிசல் ஏற்படும். அல்லது சக்கரம் பழுதாகும். அந்தி நெருங்குகிறது, இன்னும் அறுபது கிலோமீட்டர் உள்ளது என்ற நிலையில், உணவு வேளை தவறிவிடுமே என்று ஓட்டுநரை விரைவுபடுத்துவோர் உளர். நோன்பின் பெயரால் வேகத்தைக் கூட்டுதல் நோன்பைக் காப்பதாகாது. எந்த அறத்துக்காக இரவுணவை விலக்கினரோ, அந்த அறத்தையே, அதாவது கொல்லாமையையே அது பணயம் வைக்கிறது. இதற்கு மாற்று எளியது. மாலை உணவு எப்போதும் வண்டியிலேயே இருத்தல் வேண்டும். ஐந்து மணிக்குத் தங்குமிடம் எட்டாது எனத் தோன்றிய உடனே, பாதுகாப்பான நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தி, அங்கேயே அமர்ந்து உண்டுவிடலாம். அதன்பின் அவசரத்துக்கு இடமில்லை. அருகிலுள்ள ஊரில் தங்கிவிடலாம்.

கைக்குழந்தையையும் நோயுற்றவரையும் வருத்துவதற்கு எந்த நோன்பும் ஏற்பட்டதன்று. இருட்டிய பின் பசித்து அழும் மூன்று வயதுக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அதன்பொருட்டு யாரும் யாரையும் கடியாதிருத்தல் வேண்டும். நோன்பைச் சண்டையாகக் கண்ட குழந்தை வளர்ந்தபின் அதனை விட்டுவிடும். பெரியோர் முகம் சுளிக்காமல் பகலிலேயே உண்டு முடிப்பதைக் கண்ட குழந்தை, காரணம் கேட்டறிந்து ஒருநாள் தானே பின்பற்றும்.

இனி வண்டியை ஓட்டுபவர். முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. பகலொளியில், முன்னே நான்கு முழம் நோக்கி, உயிர்கள் மிதிபடாதவாறு நடத்தல் அதன் பொருள். முனிவர் இரவில் வழிநடவாமைக்கும், மழைக்காலத்தில் ஓரிடத்திலேயே தங்குவதற்கும் காரணம் அதுவே. ஊர்தியில் செல்லும் இல்லறத்தாரிடம் அவ்வளவு நுட்பத்தை எதிர்பார்க்க இயலாது. ஆயினும் அதன் சாரத்தைக் கைக்கொள்ளலாம். இரவில் முகப்பு விளக்கில் மோதி மடியும் பூச்சிகளும், ஒளியில் கண்கூசிச் சாலை நடுவே நின்றுவிடும் நாயும் முயலும் பகற்பயணத்தில் பெரிதும் தப்புகின்றன. உறக்கத்தால் ஓட்டுநர் கண்ணயரும் இடரும் குறைகிறது. வெயிலுக்கு அஞ்சிக் கண்ணகியை நிலவொளியில் அழைத்துச் சென்றதாகச் சிலப்பதிகாரம் கூறவில்லையா என்று வினவலாம். அது நடைவழி, எதிரே சுமையுந்துகள் விரையும் வழியன்று.

புறப்படும் முன்னிரவில் ஓட்டுநர் ஏழு மணி நேரமேனும் உறங்கியிருத்தல் வேண்டும். மூட்டை கட்டும் பணியை அவர்மேல் சுமத்தலாகாது. வாடகை வேன் ஓட்டுநரானால் அவருக்கு உணவும் படுக்கையும் குடும்பத்தாரைப் போலவே ஒழுங்கு செய்தல் கடமை; வண்டிக்குள் உறங்கச் செய்து மறுநாள் மலைப்பாதையில் ஓட்டச் சொல்லுதல் அறமாகாது. சக்கரங்களின் தேய்மானம், காற்றழுத்தம், தடுப்பான், மாற்றுச் சக்கரம் ஆகியவற்றை ஒருவாரம் முன்னதாகவே பார்த்துவிடுதல் நலம். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றிப் பயணம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 1,000 ரூபாய் தண்டம். தண்டத்தை விட்டுவிடுவோம். பாட்டி மடியில் இருப்பதே காப்பு என்ற எண்ணம் வேகமாகச் செல்லும் வண்டியில் பொய்த்துவிடும். திடீரென வண்டி நின்றால் எவர் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த இயலாது. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, எவ்வகை நெருக்கடிக்கும் 112 என்னும் எண்களை வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகளும் மனப்பாடம் செய்திருத்தல் நன்று.

அடுத்தது உணவு. அன்றன்று சமைத்ததை அன்றே உண்ணுதல் மரபு. கோடை வெயிலில் அதுவே உடல்நலத்துக்கும் உகந்தது. முதல் நாளுக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் போதும். தயிர்ச்சோறு நண்பகலுக்குள் புளித்துவிடும். மறுநாட்களுக்கு வறுத்த அவல், பொரி, வேர்க்கடலை, பொருள்விளங்காய் உருண்டை, சத்துமாவு, பழங்கள் ஆகியவை கைகொடுக்கும். தங்குமிடங்களில் ஞாயிறு மறையுமுன் உணவு கிடைக்குமா, வெங்காயமும் பூண்டும் கிழங்கும் இல்லாமல் சமைத்துத் தருவார்களா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டறிதல் வேண்டும். பெளகொளாவில் யாத்திரிகர் விடுதிகள் உண்டு. விடுமுறை நாட்களில் அவை விரைவில் நிறைந்துவிடும்.

நெடுஞ்சாலைக் கடைகளில் குழந்தைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இனிப்புகள் அடுக்கப்பட்டிருக்கும். பொட்டலத்தின்மேல் பச்சைப் புள்ளி இருப்பதைப் பார்த்துப் பெற்றோர் அமைதியடைகின்றனர். ஆனால் இந்திய உணவுச் சட்டம் தேனைப் புலால் வகையில் சேர்ப்பதில்லை. ஆகவே தேன் கலந்த பண்டத்துக்கும் பச்சைப் புள்ளியே இருக்கும். பொட்டலத்தின் பின்புறத்தில் உட்பொருள்களைப் படித்துப் பார்க்கும் பொறுப்பை, படிக்கத் தெரிந்த பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். தேன், ஜெலட்டின் என்னும் சொற்களைத் தேடும் பத்து வயதுப் பிள்ளை, விலக்கப்படுவது எது, ஏன் என்பதை எந்த உரையையும்விட அங்கேதான் நன்கு கற்றுக்கொள்கிறது. வீட்டிலிருந்து எடுத்துச் செல்லும் இருமல் மருந்துக்கும் இது பொருந்தும்.

நீரை வடிகட்டிப் பருகுதல் நம் அடையாளம். பயணத்தில் வடிகட்டிக் காய்ச்சி ஆறிய நீரைக் கலங்களில் எடுத்துச் சென்றால் மரபும் காக்கப்படும். வயிற்றுக் கோளாறும் வராது. தூய வெண்துணி வடிகட்டி ஒன்றும், சிறு மின்கெண்டி ஒன்றும் இருந்தால் விடுதிகளில் நீர் காய்ச்சிக்கொள்ளலாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் கொடுப்பதற்கு மருந்துக்கடை உப்புச் சர்க்கரைப் பொடி உடனிருத்தல் வேண்டும். அது இல்லாவிடில் ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உறங்கும் குழந்தையை நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டு இறங்குதல் ஒருபோதும் கூடாது. கோடை வெயிலில் மூடிய வண்டியின் உட்புறம் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும்.

மூட்டைகளைப் பொறுத்தவரை பரிக்கிரகப் பரிமாணமே வழிகாட்டி. தலைக்கு ஒரு பை என்று வரையறுத்து, அதற்கு மேல் இல்லை என்றால், காலடியில் சாமான்கள் இராமல் குழந்தைகள் வசதியாக அமரலாம். தம் பையைத் தாமே கட்டும் வேலையை ஆறு வயது முதலே பிள்ளைகளிடம் விடலாம். முதியோரின் மருந்துகளும் மருத்துவர் சீட்டும் மட்டும் தனிப் பையில், கைக்கெட்டும் இடத்தில்.

நெடுவழியில் பிள்ளைகள் சலிப்படைவர். கைப்பேசியைக் கொடுத்தால் அமைதி கிட்டும். பயணம் அவர்களுக்குக் கிட்டாது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்க்கும் இலாஞ்சனம் உண்டு. எருது கண்டால் ரிஷபநாதர், குதிரை கண்டால் சம்பவநாதர், குரங்கு கண்டால் அபிநந்தனர், எருமை கண்டால் வாசுபூச்சியர், ஆடு கண்டால் குந்துநாதர், தாமரைக்குளம் கண்டால் பத்மபிரபர் என்று முதலில் சொல்பவர்க்கு ஒரு புள்ளி என விளையாடலாம். ஆம்பூரைத் தாண்டுவதற்குள் பெரியவர்களும் அவ்விளையாட்டில் சேர்ந்துவிடுவர். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் பாட்டியோ தாத்தாவோ அப்பட்டியலை ஒருமுறை ஒப்புவிக்கச் செய்தால் போதும்.

ஆயத்தங்களுள் தலையாயது, பிள்ளைகளுக்கு அவ்விடத்தின் கதையை முன்னதாகவே கூறுதல். விந்தியகிரி மலைமேல் ஏறத்தாழ 57 அடி உயரத்தில் நிற்கும் பாகுபலியின் திருவுருவம் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், கங்க மன்னரின் அமைச்சரான சாமுண்டராயரால் செய்விக்கப்பெற்றது. பௌதனபுரத்துப் பாகுபலியைக் காணவேண்டும் என்று தாய் காளலாதேவி விரும்ப, அவரை அழைத்துக்கொண்டு சாமுண்டராயர் புறப்பட்ட யாத்திரையே இத்திருவுருவுக்குக் காரணமாயிற்று என்பது மரபுவழிச் செய்தி. தாயின் விருப்பத்துக்காக ஒரு குடும்பம் மேற்கொண்ட பயணத்தின் பயன் அம்மலைமேல் நிற்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் வியப்புடன் கேட்பர். சிறு கலத்தில் கொணர்ந்த பாலால் திருமுழுக்கை நிறைவு செய்த குள்ளகாயஜ்ஜி என்னும் மூதாட்டியின் கதையும் அவர்களுக்கு உகந்தது. அம்மூதாட்டிக்கும் அம்மலைமேல் சிலை உண்டு.

தமிழ்க் குழந்தைகளுக்கு அங்கே மற்றொரு செல்வமும் காத்திருக்கிறது. சாமுண்டராயர் செய்வித்தார் என்னும் செய்தி அத்திருவுருவின் அடியில் கன்னடத்தில் மட்டுமன்றித் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அத்தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்தும் ஆகிய பழைய எழுத்தில் அமைந்திருப்பதால், இன்றைய எழுத்தை மட்டும் அறிந்தவர்க்குப் புலப்படாது. புறப்படுமுன் வட்டெழுத்து அட்டவணை ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டிவைத்தால், ஓரிரு எழுத்துகளையேனும் தேடிக் காண்பர். எதிரேயுள்ள சந்திரகிரியில் பத்திரபாகு முனிவரின் குகை உள்ளது. வடநாட்டுப் பஞ்சத்தின்போது பத்திரபாகுவின் தலைமையில் தெற்கே வந்த சங்கத்திலிருந்து விசாகாசாரியர் சோழ, பாண்டிய நாடுகளுக்குச் சென்றார் என்பதும் மரபுச் செய்தி. அக்குகை வாயிலில் நிற்கும் தமிழ்க் குழந்தை, தன் முன்னோர் போற்றிய அறம் நடந்து வந்த வழியில் நிற்கிறது.

விந்தியகிரியின் அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகளை வெறுங்காலுடன் ஏறவேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாறை கால்களைச் சுடும். ஆகவே விடியற்காலையில் ஏறி, ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுதல் நலம். ஏறவியலாத முதியோர்க்கு டோலி உண்டு. சந்திரகிரி சிறிய மலை. அதற்கு முந்தைய நாளின் மாலைப்பொழுது போதும்.

மேலும் செல்ல விரும்புவோர் ஹாசன், சகலேஷ்பூர் வழியாகச் சிராடி மலைப்பாதையில் இறங்கித் தர்மஸ்தலத்தை அடையலாம். அங்கே 1982இல் நிறுவப்பெற்ற பாகுபலியும், வேணூரில் 1604ஆம் ஆண்டுப் பாகுபலியும், கார்களாவில் 1432ஆம் ஆண்டுப் பாகுபலியும் உள்ளன. இடையே மூடபித்ரியில் ஆயிரங்கால் பசதி. இவ்வூர்கள் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளமையால் ஒருநாளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். மலைப்பாதை வளைவுகளில் குழந்தைகளுக்குக் குமட்டும். அன்று காலை எளிய உணவு, முன்னோக்கிய இருக்கை, கைப்பேசியும் புத்தகமும் இல்லாத கண்கள், மருத்துவர் சொன்ன மாத்திரை ஆகியவை போதும். சூன் மாதம் மழை தொடங்கிவிட்டால் அப்பாதையில் மண் சரியும். அப்போது அப்பகுதியை விட்டுவிடுதலே முறை.

முதன்முறை புறப்படும் குடும்பம் ஒருநாள் ஒத்திகை பார்த்தல் நன்று. திருநாதர்குன்றில் ஒரே பாறையில் செதுக்கப்பெற்ற இருபத்துநான்கு தீர்த்தங்கரர், திருமலையின் குந்தவை ஜினாலயம், பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் திருவடிகள், மேல்சித்தாமூர்த் திருமடம் ஆகியவை நம் அருகிலேயே உள்ளன. காலையில் புறப்பட்டு, மாலை ஐந்தரைக்குள் கொணர்ந்த உணவை உண்டு, இருட்டுமுன் வீடு திரும்பும் அந்த ஒரு நாளில், எந்தக் குழந்தைக்குக் குமட்டும், எவ்வளவு நீர் செலவாகும், எத்தனை முறை நிறுத்தவேண்டும் என்பவை தெரிந்துவிடும். அண்மையில் உள்ளவற்றைக் காட்டாமல் தொலைவில் உள்ளதை மட்டும் காட்டினால், அறம் வேற்று நாட்டில் இருப்பதாகப் பிள்ளைகள் எண்ணிவிடுவர்.

அவையோரே, வார நாட்களில் பெற்றோர் அலுவலகம் விட்டு வீடு திரும்புவதே இருட்டிய பின்னர். பெருநகர வாழ்வில் இரவுண்ணாமையை ஒரு நாளேனும் குடும்பமாகக் கடைப்பிடிக்க இயலாத வீடுகள் பெருகிவருகின்றன. பிள்ளைகள் அதனைத் தாத்தா, பாட்டியின் வழக்கமாக மட்டுமே அறிகின்றனர். எட்டு நாள் யாத்திரையில் எட்டு மாலைகள் உள்ளன. அந்த எட்டு மாலைகளிலும் ஞாயிறு மறையுமுன் வண்டி நின்று, ஓட்டுநர் உட்பட அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்டு, இருள் சூழ்கையில் பஞ்ச நமஸ்காரம் சொல்லி உறங்கச் சென்றால், பிள்ளைகள் திருவுருவங்களின் உயரத்தை மறந்தாலும் அம்மாலைகளை மறவார். இவ்வாண்டு புறப்படும் குடும்பங்கள் முதலில் ஒரு தாளை எடுத்து, அதன் தலையில் ஞாயிறு மறையும் நேரத்தை எழுதி, பின்னர் ஊர்களின் பெயர்களை எழுதுக.

வழி நலமாகுக. அனைத்துயிரும் இன்புற்று வாழ்க. ஜெய ஜினேந்திரா.